வெளியூர் போயிருந்த துளசிராமின் ஓட்டு

இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்த டவுன் பஸ் கண்டக்டர் துளசிராம், உள்ளாட்சித் தேர்தல் நடந்த மார்கழி மாத வெள்ளிக்கிழமையன்று, காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வேப்பனூரணி தொடக்கப் பள்ளியில் தன் ஓட்டு பதிவாகிவிட்ட நிலையில், பதினொரு மணி வாக்கில் வீட்டுக்கு வந்து வாசல் குழாயில் கால் கழுவினார். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் மை இருந்தது. கக்கத்தில் பழைய கறுப்புக் குடை இருந்தது. அவர் சம்சாரம் நாகமணியம்மா அந்த நேரம் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் கூப்பாடு போட்டுத் தெருவைக் கூட்டியிருப்பார்கள், இல்லை கண் இருட்டி விழுந்திருப்பார்கள். நாகமணியம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினார், உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டார், அதற்கப்புறம்தான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரசம் வைக்கவா, மோரு போதுமா?" என்று கேட்டார். மோர் போதும் என்றார் துளசிராம். அவர்கள் வீட்டுக்குள் பேசியது சௌராஷ்டிரம். நமக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இங்கே எல்லாம் தமிழில் இருக்கிறது.

வேப்பனூரணி, வில்லாபுரம் தாண்டி ரிங் ரோட்டையும் தாண்டி, டவுனும் இல்லாமல் கிராமமும் இல்லாமல் நடுவில் கிடக்கிற ஊர். ஒரு ஊரணி, ஒரு செங்கல் காளவாசல், பிளாட் போட்டு விற்ற கருவேலங்காட்டில் முளைத்த நாலைந்து காலனி. அதில் ஒன்றில் இடம் வாங்கி வீடு கட்டிக் குடிவந்த துளசிராம், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது, சிம்மக்கல் ஸ்டாப்பில் கடைசிப் பயணியை இறக்கிவிட்டு, டபுள் விசில் கொடுத்துவிட்டு, விசில் வாயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். தத்தனேரியில் எரித்து, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய வைகையில் கரைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் நாகமணியம்மா செய்யவில்லை. வாக்காளர் பட்டியல் திருத்த வருஷா வருஷம் வரும் அங்கன்வாடி டீச்சர் ரெங்கம்மாள், துளசிராம் பெயரை நீக்க ஒரு படிவத்தை நீட்டுவார். நாகமணியம்மா அதைக் கையால்கூடத் தொடமாட்டார். "அவரு வெளியூர் போயிருக்காரு டீச்சர்" என்பார். செத்த வீட்டுக்கு வந்து மாலை போட்டவர்தான் ரெங்கம்மாள். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து என்ன எழுதுவது. நோட்டில் "வெளியூர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆறு வருஷத்துக்கு ஆறு கையெழுத்து. புருஷனும் பெண்டாட்டியும் எந்த எலக்‌ஷனுக்கும் சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள் என்பதால், அவர் போன பிறகு நாகமணியம்மா ஓட்டுச் சாவடிப் பக்கமே போகவில்லை. பூத் சிலிப் இரண்டும் வரும். இரண்டையும் அவருடைய போட்டோவுக்குப் பின்னால் சொருகி வைப்பதோடு சரி.

இப்படி வெளியூர் போயிருப்பதாக ஆறு தடவை எழுதிக் கையெழுத்தும் போட்ட ஒருவர், திரும்பி வந்து ஓட்டுப் போட்டுவிட்டதாகவும் பதிவாகிவிட்டால், அப்புறம் அவர் வராமல் எப்படி இருப்பார்? வந்துவிட்டார். காலனிக்காரர்கள் முதல் இரண்டு நாள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பால்காரர் அரை லிட்டர் கூட ஊற்றிவிட்டுப் போனார். துளசிராமுக்கு எடை இல்லை, கட்டிலில் உட்கார்ந்தால் நாடா தொய்யாது. அவர் கையில் கொடுக்கும் எந்தச் சீட்டும் வெள்ளைத்தாளாகிவிடும். பஸ்ஸில் ஏறி முறையாக டிக்கெட் கேட்டார், கண்டக்டர் கொடுத்தார், வாங்கிய மாத்திரத்தில் எழுத்தெல்லாம் போய்விட்டது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது முப்பது வருஷம் பை மாட்டிய அவருக்கு ஆகாது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அதிலிருந்து எங்கே போனாலும் நடைதான். மற்றவர்கள் விரலில் இருந்த மை பொங்கலுக்குள் மங்கிவிட்டது. அவருடையது அப்படியே இருந்தது. நகம் வளர்ந்தால்தானே மை போகும்.

அந்த மையைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் போடல மணி" என்றார் மனைவியிடம். "எவனோ என் டிக்கெட்டுல ஏறிப் போயிருக்கான். யாருக்குப் போட்டேன்னுகூட எனக்குத் தெரியாது." அந்தப் பூத்தில் தேர்தல் வேலை பார்த்த வாத்தியார் ஒருவரிடம் விசாரித்ததில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஓட்டுச் சீட்டின் அடிக்கட்டையில், ஐநூற்றுப் பதினாலாம் நம்பர் துளசிராமுக்கு நேராக, கையெழுத்து இல்லை, கைநாட்டு இருந்ததாம். மனுஷன் ஆடிப்போனார். செத்ததுகூட அவரை அம்புட்டுப் பாதிக்கவில்லை, ஆங்கிலத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்ட தன்னைக் கைநாட்டு ஆக்கிவிட்டார்களே என்று அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி எண்ணினார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். பூட்டுச் சாவி சின்னத்தில் நின்ற அழகுபாண்டிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, ஆட்டோ சின்னத்தில் நின்ற முத்துமீனாவுக்கு எண்ணூற்றுப் பதினொன்று. அழகுபாண்டி பிளாட் வியாபாரி. ஊரணியை மூடி அதன் மேல் ரோடு போட்டால் பின்னால் இருக்கும் தன் இடத்துக்கு வழி கிடைக்கும் என்பதற்காகவே நின்றவர், அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த ஊரணியில் தண்ணீர் நின்றால்தான் காலனி போர்வெல்களில் தண்ணீர் வரும். முத்துமீனா தையல் கடை வைத்திருக்கிற பெண், ஊரணிக்கு வேலி போடுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவள். ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. துளசிராம் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அந்த ஒண்ணு என்னோடதா இருந்தா?" என்றார். நாகமணியம்மா போட்டோவுக்குப் பின்னால் சொருகியிருந்த பூத் சிலிப்பை எடுத்துப் பார்த்தார். அந்தப் பெயரைப் பட்டியலில் விட்டு வைத்தது யார், அந்தம்மாதானே.

மறுநாளே முத்துமீனாவின் கடைக்குப் போய், செத்தவர் பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறது, கேஸ் போடு என்று சொல்லிப் பார்த்தார் நாகமணியம்மா. முத்துமீனா மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. "எங்க வீட்டுக்காரரு காளவாசல்ல டிப்பர் ஓட்டுறாருக்கா. காளவாசல் அழகுபாண்டியோட மச்சான்து. நான் கோர்ட்டுக்குப் போனா அவரு வேலை அன்னைக்கே போயிரும். என்னைய விட்ருங்கக்கா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, கை மட்டும் ஜாக்கெட் தைத்துக்கொண்டே இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. டீக்கடையில் கேட்டால் அத்தனை பேரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: தோற்றவர் மட்டும்தான் கேஸ் போட முடியும், தோற்றவரே சும்மா இருக்கும்போது உனக்கென்ன வந்தது. தேர்தலில் நின்றவனுக்கு அல்லவா வலி, பார்த்தவனுக்கு என்ன வலி என்றார்கள். டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்களுக்குச் சந்தேகம் என்பதே வராது, அதுதான் அவர்களிடம் உள்ள வசதி.

துளசிராம் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கு நடந்தார். அந்தம்மா பஸ்ஸில் போய்ப் பாலத்தடியில் அவருக்காகக் காத்திருந்தார். அங்கே ஒரு பழக்கடைக்கு மேல் மாடியில் நுஸைபா என்ற இளம் வக்கீல் ஆபீஸ் வைத்திருந்தார். பெரிய வக்கீல்கள் யாரும் ஊராட்சிக் கேஸுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அங்கே போனார்கள். நுஸைபா வந்தவரின் விரலைப் பார்த்தார், அவர் உட்கார்ந்தும் மெத்தை அமுங்காத நாற்காலியைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

"நான் கேஸ் போடணும்மா" என்றார் துளசிராம். "என் ஓட்டை எவனோ போட்டுட்டான். லிஸ்ட்ல என் பேரு இன்னும் இருக்கு."

"ஐயா, நீங்க மவுத்தானது எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்துப் பதிமூணு, ஆனி மாசம்."

"அப்ப நீங்க போட முடியாதுங்கய்யா" என்றார் நுஸைபா. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிற மாதிரி குரல் தணிந்திருந்தது. "ஒரு தேர்தல் செல்லாதுன்னு கேக்க ரெண்டே வகை ஆளுக்குத்தான் வழி இருக்கு. ஒண்ணு, அந்தத் தேர்தல்ல நின்ன வேட்பாளர். ரெண்டாவது, அந்த ஊரு வாக்காளர். பக்கத்து ஊர்க்காரர் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் முடியாது. என்னாலயே முடியாது, எனக்கு ஓட்டு காஜிமார் தெருவுல. லிஸ்ட்ல பேரு கிடந்தா மட்டும் பத்தாதுங்கய்யா, ஓட்டுப் போட உரிமை உள்ள ஆளா இருக்கணும். அது உசுரோட இருக்கறவங்களுக்குத்தான்."

துளசிராம் குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர் குற்றம் கண்டுபிடித்தால்கூட, அது ரூல்படி சரியாக இருந்தால் ஒப்புக்கொள்கிற மனுஷன். "நியாயந்தான்" என்றார். அப்புறம் பக்கத்தில் திரும்பினார். "இவளுக்கு?"

நாகமணியம்மா பதறிப்போனார். "நான்தான் ஓட்டே போடலையே வக்கீலம்மா. ஆறு வருஷமா எந்த எலக்‌ஷனுக்கும் நான் போகல. போடாதவளுக்கு என்ன பேச்சு இருக்கு?"

"போடாட்டி என்னம்மா. ஓட்டுப் போட்டவங்க வரலாம்னு சட்டம் சொல்லல, ஓட்டு உள்ளவங்க வரலாம்னுதான் சொல்லுது. அன்னைக்கு நீங்க வீட்ல படுத்துத் தூங்கியிருந்தாலும் கோர்ட்டு உங்களைக் கேட்டாகணும். ஊர்ல ஆயிரத்து அறுநூறு பேரு சும்மா இருந்துட்டுப் போகட்டும், ஒரே ஒரு வாக்காளருக்கு உறுத்துனாப் போதும். ரிசல்ட் வந்து நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள வரணும், அம்புட்டுத்தான்." பேனாவை மூடி வைத்தார் நுஸைபா. பிறகு இரண்டு பேரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ஒண்ணை நீங்க கூண்டுல ஏறிச் சொல்லி நிரூபிக்கணும்மா. ஐயா செத்துட்டாருன்னு."

அன்றைக்கு அந்தம்மா பஸ் ஏறவில்லை. அவரோடு சேர்ந்தே, தெற்குவாசல் வழியாக, வில்லாபுரம் வழியாக, வேப்பனூரணி வரைக்கும் நடந்தே வந்தார். வெளியூர் என்று சொல்லிச் சொல்லித்தான் அவரைத் திரும்ப வரவழைத்திருந்தார். செத்துவிட்டார் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வக்கீல் எதற்கு. நாட்கள் ஓடின. காலையில் இரண்டு காபி, சாயங்காலம் இரண்டு பேருமாக மொட்டை மாடி, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல். நாகமணியம்மா ஒரு நாளைக்கு ஒரு தரம் காலண்டரைப் பார்ப்பார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். துளசிராம் கேட்கவே இல்லை, போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் அழகுபாண்டியின் ஆட்கள் ஊரணிக் கரையில் கல் ஊன்றினார்கள். நாற்பதாம் நாள் முதல் டிப்பர் மண் கொட்டியது, ஓட்டி வந்தது முத்துமீனாவின் புருஷன். அன்று சாயங்காலம்தான் அந்தம்மா வாயைத் திறந்தார்.

"கேஸ் ஜெயிச்சா நீங்க இருப்பீங்களா?"

"தெரியல மணி" என்றார் துளசிராம். "டிப்போவுக்குப் போன வண்டி மறுபடி எந்த ரூட்ல வரும்னு கண்டக்டருக்கு யாரு சொல்றா? ஆனா ஒண்ணு. நான் ஒரு நாளும் ஓசிப் பயணம் போனவன் இல்ல. இப்ப இந்த விரலை வச்சுக்கிட்டு உன் கூட இருக்கறது ஓசிதான்."

பீரோவில், முகூர்த்தப் பட்டுக்கு அடியில், மரணச் சான்றிதழ் உறை பிரிக்காமல் ஆறு வருஷமாகக் கிடந்தது. மறுநாள் அதை எடுத்து, முதல் தடவையாகப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார் நாகமணியம்மா. படித்துவிட்டு நுஸைபாவுக்குப் போன் அடித்தார். நாற்பத்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அடுத்த இரண்டு நாளும் கோர்ட்டு விடுமுறை, சாயங்காலம் நாலரை மணிக்கு மாவட்ட கோர்ட்டில் மனு பதிவாகி நம்பர் விழுந்தது. மனுதாரர்: நாகமணி, வாக்காளர். ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண், ஆயிரத்து அறுநூறு பேர் சும்மா இருந்த ஒரு ஊரில், தன் வீட்டில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இதைவிடப் பெரிய காரியம் எதுவும் வேப்பனூரணியில் நடந்ததில்லை. டீக்கடையில் அன்றைக்கு யாரும் சட்டம் பேசவில்லை. ஊரணியில் மண் கொட்டுவதைக் கோர்ட்டு நிறுத்தி வைத்தது.

அடுத்த மாதமே கொரோனா வந்தது. கோர்ட்டைப் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது, வழக்கு முடியாத வரைக்கும் துளசிராம் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதும் முடிவாகாததால் அவர் வீட்டிலேயே இருந்தார். தெருவிலேயே முகக்கவசம் தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான், இருந்தாலும் ரூல் என்று சொல்லிப் போட்டுக்கொண்டார். நாகமணியம்மா அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிக் கேட்டால், எல்லாரும் கஷ்டப்பட்ட காலம் என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று மெதுவாகச் சேர்த்துக்கொள்வார். துளசிராம் ஐம்பத்தேழிலேயே நின்றார். அந்தம்மாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகி, ஐம்பத்தொன்பது ஆகி, அறுபதைத் தாண்டியது. "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடுங்க" என்று ஒரு நாள் கிண்டல் செய்தார். துளசிராம் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சாட்சி விசாரணை வந்தது. அழகுபாண்டியின் வக்கீல் கெட்டிக்காரர். செத்தவர் ஓட்டு என்று இவர்கள் சொல்வதை மறுக்க அவருக்கு ஒரே வழி, செத்தவர் சாகவில்லை என்பதுதான். துளசிராமையே சாட்சியாகக் கூப்பிடச் சம்மன் வாங்கினார். கோர்ட்டு ஆள் கொண்டுவந்து கொடுத்தார், துளசிராம் வாங்கினார், சம்மன் வெள்ளைத்தாளாகிவிட்டது. வந்த ஆள், சார்பு செய்ய இயலவில்லை, அதாவது உரியவரிடம் சேர்க்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதனால் வக்கீல் வேறு வழியில் வந்தார். நாகமணியம்மா கூண்டில் நின்றபோது, ரெங்கம்மாள் டீச்சரின் ஆறு வருஷ நோட்டுகளையும் வரிசையாக மேஜையில் பரப்பினார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"ஆறு வருஷமும் உங்க வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்காருன்னுதான சொல்லியிருக்கீங்க? வெளியூர் போனவரு எலக்‌ஷனுக்குத் திரும்பி வந்து ஓட்டுப் போட்டாரு. அதுல என்ன தப்பு?" வக்கீல் திரும்பிக் கடைசி பெஞ்சைக் கை காட்டினார். "கனம் கோர்ட்டார் கவனிக்கணும். அந்தக் குடையோட உக்காந்திருக்கறவர் யாருன்னு மனுதாரர் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் திரும்பியது. துளசிராம் எழுந்து நின்று நீதிபதிக்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் பணியில் எத்தனையோ பார்த்தவர். "அம்மா" என்றார் நாகமணியம்மாவிடம், "உங்க வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

இருக்கிறார் என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பொய்யும் இல்லை, எதிரே கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஊரணி போகும், முத்துமீனாவின் வெற்றி போகும், ஆனால் சாயங்காலம் இரண்டு காபி போடலாம். அந்தம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சையே பார்த்தார். துளசிராமும் பார்த்தார். பிறகு அவர், பஸ் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டுகிற மாதிரி, பெஞ்சுக் கட்டையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். முப்பது வருஷம் கண்டக்டர் பெண்டாட்டியாக இருந்தவருக்கு அது தெரியாதா.

"இல்லைங்கய்யா" என்றார் நாகமணியம்மா. "செத்துப் போயிட்டாரு. சிம்மக்கல் ஸ்டாப்புல, வண்டிய அனுப்பிட்டுச் செத்தாரு. டீச்சர்கிட்ட நான்தான் ஆறு வருஷமும் பொய் சொன்னேன். எனக்கு மனசு ஒப்பல, அதான். என் தப்புனால ஒரு கள்ள ஓட்டு விழுந்திருச்சு, அதைத் திருத்தத்தான் வந்திருக்கேன். அதுக்குத் தண்டனை உண்டுன்னா குடுங்க."

சொன்னதைத் தட்டச்சர் அடித்தார், சான்றிதழை ஆவணமாகக் குறித்துக்கொண்டார்கள். இனிமேல் அரசாங்கத்திடம் பொய் சொல்லாதீர்கள் என்று நீதிபதி கண்டித்தார். நாகமணியம்மா கூண்டை விட்டு இறங்கும்போது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. குடை மட்டும் சாத்தி வைத்தபடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினார். நுஸைபா ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, பஸ் வரும் வரைக்கும் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. கருவூலத்தில் சீல் வைத்திருந்த ஓட்டுச் சீட்டுப் பெட்டியை வரவழைத்து, அடிக்கட்டை நம்பரை வைத்துத் தேடி, அந்த இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்தார்கள். முத்திரை பூட்டுச் சாவியில் இருந்தது. அது செல்லாது என்றார் நீதிபதி. எண்ணூற்றுப் பதினொன்று, எண்ணூற்றுப் பதினொன்று. சம ஓட்டு என்றால் சீட்டுக் குலுக்குவது விதி. குலுக்கியதில் முத்துமீனா பெயர் வந்தது. பதவிக் காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, இருந்தாலும் மிச்சத்தில் ஊரணிக்கு முள்கம்பி வேலி போட்டு, கொட்டிய மண்ணையும் அள்ள வைத்தாள். மண் அள்ளிய டிப்பரை ஓட்டியதும் அவள் புருஷன்தான், இந்தத் தடவை வாடகை வண்டி. இதற்கிடையில் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்த காளவாசல்காரர் கொஞ்ச நாளில் ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் இப்போது யாருக்காவது அநியாயம் நடந்து, உனக்கென்ன வந்தது என்று யாராவது கேட்டால், நாகமணியம்மாவைப் போய்க் கேள் என்கிறார்கள்.

வீடு மட்டும் வெறிச்சென்று ஆகிவிட்டது. ரெங்கம்மாள் டீச்சர் படிவத்தோடு வந்தார். நாகமணியம்மா இந்தத் தடவை வாங்கினார், "இறப்பு" என்ற கட்டத்தில் டிக் அடித்தார், கையெழுத்துப் போட்டார், டீச்சருக்குக் காபி கொடுத்தார். டீச்சர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். செத்தபோது அழாத அழுகையும் சேர்ந்து வந்தது. காலையில் ஒரு காபி போடக் கை பழக நாலைந்து மாதம் ஆயிற்று.

சித்திரைத் திருவிழா நேரத்தில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. பூத் சிலிப் ஒன்றே ஒன்று வந்தது. நாகமணியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். வாக்காளர் பெயர்: நாகமணி. அதற்குக் கீழே, கணவர் பெயர்: துளசிராம். ஐநூற்றுப் பதினாலாம் நம்பரில் இருந்த துளசிராமைத்தான் நீக்கியிருந்தார்கள். இந்தத் துளசிராமை யாரும் நீக்கவில்லை, நீக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை. அந்தம்மா வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, குடையை எடுத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேல் கழித்து ஓட்டுப் போடப் புறப்பட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் முன்னால் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. துளசிராம் கோட்டுக்கு இந்தப் பக்கம், புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். விரலில் மை இல்லை. நாகமணியம்மா நேரே அவரிடம் போனார். "வெயிலா இருக்கு, இதைப் பிடிங்க" என்று குடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வரிசை நீளமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அதிலிருந்து எல்லாத் தேர்தலிலும் இப்படித்தான், ஓட்டு நாளன்று வருகிறார், அந்தம்மா ஓட்டுப் போட்டு வந்ததும் ஊரணிக் கரை வரைக்கும் சேர்ந்து நடக்கிறார்கள். ஊருக்கு இது பழகிவிட்டது. அந்த முதல் தடவை மட்டும், பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் வந்து கேட்டார்.

"பெரியவரே, ஓட்டு இருந்தா உள்ள போங்க. இல்லைன்னா கோட்டைத் தாண்டக் கூடாது."

"எனக்கு இல்ல தம்பி" என்றார் துளசிராம். "அவளுக்கு இருக்கு." சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார் என்றாலும், செருப்பை இன்னும் ஒரு அடி பின்னால் நகர்த்தி வைத்தார்.